கடலை ஆண்டது விமானமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். இரண்டாம் உலகப்போரில் கடலை ஆண்டது போர்க்கப்பலின் பீரங்கியா, விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து பறந்த விமானமா என்பது கேள்வி. நான் விமானத்தின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் பிஸ்மார்க்கில் ஆரம்பித்தார். 1941 மே 24 அன்று அந்த ஜெர்மன் கப்பல் பிரிட்டனின் ஹூட்டை மூழ்கடித்தது, 1,400-க்கும் மேற்பட்டவர்களில் பிழைத்தது மூன்றே பேர், பிறகு பிஸ்மார்க்கை முடித்ததும் பிரிட்டிஷ் பீரங்கிகள்தான் என்றார். எல்லாம் நடந்ததுதான், ஆனால் நடுவில் நடந்ததை அப்படியே தாண்டிப் போய்விட்டாரே! ஹூட்டை அடித்துவிட்டு பிஸ்மார்க் பிரெஞ்சுக் கரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. துரத்தி வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் ராட்னி அதைவிட வேகம் குறைந்த கப்பல், எட்டிப் பிடிக்க வழியே இல்லை. 26-ம் தேதி மாலை, கொந்தளிக்கும் கடலில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஆர்க் ராயல் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கியின் தளத்தில் இருந்து 15 ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் கிளம்பின. இரட்டை இறக்கை, துணி போர்த்திய உடம்பு, விமானி தலைக்கு மேல் மூடிகூடக் கிடையாது. அதில் ஒன்று போட்ட டார்பிடோ, அதாவது நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் குண்டு, பிஸ்மார்க்கின் பின்பக்கம் பட்டு, சுக்கான் திரும்பிய நிலையிலேயே சிக்கிக்கொண்டது. பீரங்கிகள் சரியாக இருக்கின்றன, எஞ்சின் ஓடுகிறது, ஆனால் கப்பலைப் போக வேண்டிய திசைக்குத் திருப்ப முடியவில்லை. இரவெல்லாம் தடுமாறி, மறுநாள் காலை எதிரிகளின் பீரங்கி முன்னால் அகப்பட்டது. பிடித்துக் கொடுத்தது யார், நடுவர் அவர்களே?

அடுத்து, ஜப்பானிய விமானங்கள் தாக்கிய அமெரிக்கத் தளமான பேர்ல் ஹார்பரில் அடிபட்டவை நங்கூரம் போட்டு நின்ற கப்பல்கள், அதை வெற்றி என்று சொல்லலாமா என்று கேட்டார்கள். சரி, விட்டுவிடுகிறேன். மலாயாக் கரைக்கு அப்பால் பிரிட்டிஷ் கப்பல்களான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸையும் ரிபல்ஸையும் மூழ்கடித்த ஜப்பானிய விமானங்கள் தரையில் இருந்து வந்தவை, அதையும் என் கணக்கில் சேர்க்கவில்லை. நம் பக்கத்துக் கடலுக்கே வாருங்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோ ஐந்து விமானந்தாங்கிகளோடு வந்து, 5-ம் தேதி கொழும்பையும் 9-ம் தேதி திருகோணமலையையும் அடித்தார். எதிரே பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி சோமர்வில்லிடம் ஐந்து போர்க்கப்பல்கள் இருந்தன. பகலில் அந்த விமானங்களின் கண்ணில் படாமல் விலகியிருப்பதே அவருக்குப் பெரும் பாடாக இருந்தது, கடைசியில் அவற்றில் பழைய நான்கை ஆப்பிரிக்கக் கரைக்கே அனுப்பிவிட்டார். கோழை என்று நான் சொல்ல மாட்டேன், அத்தனை பேர் உயிரைக் காத்த முடிவு அது. ஆனால் அப்படி முடிவெடுக்க வைத்தது எது?

இப்போது ஜப்பானின் போர்க்கப்பல் யமாட்டோ. 46 சென்டிமீட்டர் வாயுள்ள ஒன்பது பீரங்கிகள், 40 கிலோமீட்டருக்கு மேல் குண்டு போகும், அதைவிடப் பெரிய போர்க்கப்பல் உலகத்தில் கட்டப்பட்டதே இல்லை. 1945 ஏப்ரல் 7, ஒகினாவாவுக்குப் போகும் வழியில் அமெரிக்க விமானங்கள் அலை அலையாக வந்தன. டார்பிடோக்களைப் பெரும்பாலும் இடப்பக்கமே போட்டார்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழட்டும் என்று. சாய்வைச் சமாளிக்க வலப்பக்க அறைகளில் கடல்நீரை விட்டார்கள். உள்ளே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த அறைகளிலும். இரண்டு மணி நேரத்துக்குள் கவிழ்ந்து வெடித்தது, மூவாயிரம் பேர் அளவில் செத்தார்கள். அமெரிக்கர்கள் இழந்தது பத்து விமானம். குண்டு போட்ட விமானங்கள் கிளம்பி வந்த கப்பல்களில் ஒன்றைக்கூட யமாட்டோவில் இருந்தவர்கள் கண்ணால் பார்க்கவில்லை. அத்தனை பேரை இப்படி அனுப்பியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

"அதற்குத் துணைக்கு விமானம் இல்லை, அதனால்தான்" என்று எதிரணியில் இருந்து குரல் வருகிறது. ஐயா, அதைத்தானே நானும் சொல்கிறேன்! தலைக்கு மேல் விமானம் இருந்தால்தான் போர்க்கப்பல் பிழைக்கும் என்று நீங்களே ஒத்துக்கொண்டுவிட்டீர்கள்.

1940 ஜூனில் குளோரியஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கியை ஜெர்மன் பீரங்கிகள் மூழ்கடித்ததையும் சொன்னார்கள். அன்றைக்கு அதில் இருந்து ஒரு விமானம்கூட வானத்தில் காவலுக்கு இல்லை, எதிரி வருவதே தெரியவில்லை. இரவிலும் மோசமான வானிலையிலும் பீரங்கி கை ஓங்கியது உண்மை; 1943 டிசம்பரில் ஆர்க்டிக் இருட்டில் ஜெர்மன் கப்பல் ஷார்ன்ஹார்ஸ்ட்டை பிரிட்டிஷ் போர்க்கப்பல் டியூக் ஆஃப் யார்க் பிடித்தது அப்படித்தான். அதை நான் மறுக்கவில்லை.

என் பேச்சை நம்ப வேண்டாம், காசு போட்டவர்களைப் பாருங்கள். ஐந்து மொன்டானா வகைப் போர்க்கப்பல்கள் கட்டத் திட்டமிட்ட அமெரிக்கா 1943-ல் ஐந்தையும் ரத்து செய்தது. எசெக்ஸ் வகை விமானந்தாங்கிகளை மட்டும் மொத்தம் 24 கட்டி முடித்தது. ஜப்பானோ யமாட்டோவின் தங்கையாகக் கட்ட ஆரம்பித்த ஷினானோவை, பசிபிக் கடலில் நடந்த மிட்வே போரில் நான்கு விமானந்தாங்கிகளை இழந்த பிறகு, பாதியிலேயே விமானந்தாங்கியாக மாற்றியது. இதற்கு எதிரணி என்ன பதில் சொல்லப் போகிறது என்று கேட்டுவிட்டுத் தீர்ப்பைச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே.