7.25 டிஎம்சி இருந்தும் கடைமடை காய்வது ஏன்?

[காட்சி: கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஊராட்சிகளின் வரைபடம்]

குரல்: கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 3000 மி.மீ. மழை பெய்கிறது. ஆனால் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரத்தில், மழை மறைவில் கிடக்கும் இந்தத் தமிழ் பேசும் ஊர்களுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. இங்கே நெல்லும் தென்னையும் ஆழியாற்றுத் தண்ணீரை நம்பியே நிற்கின்றன.

[காட்சி: மணக்கடவு தடுப்பணை]

குரல்: தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29 அன்று கையெழுத்திட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, ஜூலை 1 முதல் மறு ஜூன் 30 வரையிலான ஒவ்வொரு நீராண்டிலும் தமிழ்நாடு மணக்கடவில் 7.25 டிஎம்சி தண்ணீரைக் கேரளத்தின் சித்தூர்ப்புழை ஆற்றுக்கு விட வேண்டும். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. ஆண்டுக் கணக்கைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். ஆனால் அந்தத் தண்ணீர் எந்த வாரத்தில் வருகிறது என்பதில்தான் விளைச்சல் இருக்கிறது. நெற்கதிர் வெளிவந்து பால் பிடிக்கும் நாள்களில் வயல் காய்ந்துவிட்டால், பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் மணி திரளாது. தூற்றும்போது பதர்தான் பறக்கும். தென்னையிலோ, மழை வந்த பின்னும் குரும்பை உதிர்வது உடனே நிற்பதில்லை. காய்ப்புக் குறைவு அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்கும் நீடிக்கும். இரு பருவமழைகளும் பொய்த்து, 14 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று கேரளம் அறிவித்த 2016இன் இழப்பு, அந்த ஆண்டோடு முடிந்துவிடவில்லை.

[காட்சி: சித்தூர்ப்புழையின் மூலத்தறை மதகணையிலிருந்து பிரியும் வாய்க்கால்]

குரல்: தண்ணீர் குறையும்போது முறை வைத்து விடுகிறார்கள். அது நியாயமே. ஆனால் வெடித்துக் கிடக்கும் மண் வாய்க்கால் முதலில் வரும் தண்ணீரைத் தானே குடித்துவிடுவதால், தலைமடை ஒரு நாள் கூடுதலாகத் திறந்திருந்தாலும் கடைமடைக்கு வந்து சேர்வது வெறும் ஈரம்தான். ஆழ்துளைக் கிணறு போடலாம் என்றால், நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதி என அறிவிக்கப்பட்ட சித்தூர் வட்டாரத்தில், 2002ஆம் ஆண்டுக் கேரள நிலத்தடி நீர்ச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும். கடும்பாறைக்கு அடியில் ஊறுவது சொற்பம் என்பதால் இந்தக் கட்டுப்பாடு அவசியமானது.

[காட்சி: நாற்றங்கால்]

குரல்: நாங்கள் வலியுறுத்துவது ஒன்றுதான்: எந்த வாய்க்காலுக்கு எந்த வாரம் தண்ணீர் என்ற பட்டியலை நாற்று விடும் முன்பே வெளியிட வேண்டும். அப்போதுதான் கடைமடை விவசாயி நெல்லை விட்டு நிலக்கடலையோ உளுந்தோ விதைக்க முடியும். அந்தப் பட்டியல் ஊராட்சி அலுவலகப் பலகையில் மலையாளத்தோடு தமிழிலும் இருக்க வேண்டும். இங்குள்ள விவசாயிகள் பலர் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்தவர்கள்.