தள்ளாடியதைப் பார்த்தேன், போதையைப் பார்த்தேனா?

(மாணவர் விடுதிகளில் புதிதாகப் பொறுப்பேற்கும் தளப் பொறுப்பாளர்களுக்கான பயிற்சியின் முதல் நாள் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் கையிலிருக்கும் கையேட்டில் ‘சம்பவ அறிக்கை’ என்று ஒரு படிவம் இருக்கிறது. ஒரே பக்கம்தான். தேதி, நேரம், இடம், சம்பந்தப்பட்டவர்கள், நடந்தது, எடுத்த நடவடிக்கை. என் முதல் படிவத்தை நான் நான்கே நிமிடத்தில் நிரப்பினேன். அந்த நான்கு நிமிடத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நானும் உங்களைப் போல மாணவன்தான். இரண்டாம் தளம் என் பொறுப்பு. ஒரு நாள் இரவு மாடிப்படி ஓரத்தில் ஒரு பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பேச்சு குழறுகிறது. பெயரைக் கேட்டால் எரிந்து விழுகிறான். கால் தள்ளாடுகிறது, நெற்றியெல்லாம் வியர்வை. நான் என்ன எழுதினேன் தெரியுமா? ‘மாணவன் போதையில் தகராறு செய்தான். அறைக்கு அனுப்பப்பட்டான்.’ இரண்டே வரி. கையெழுத்தைப் போட்டுவிட்டுப் படுக்கப் போனேன்.

அந்தப் பையனுக்கு நீரிழிவு. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் விட்டிருக்கிறான். ரத்தத்தில் சர்க்கரை ரொம்பவும் இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும். பார்க்கிறவர்களுக்குக் குடித்த ஆள் மாதிரியே தெரியும். அறைத்தோழனுக்கு விஷயம் தெரிந்திருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, மருத்துவரையும் அழைத்துவிட்டான். பையன் பிழைத்தது என் புண்ணியத்தில் இல்லை.

பையன் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டான். என் காகிதமும் நடமாடத் தொடங்கியது. மூன்று வாரம் கழித்து ஒழுங்குக் குழு அவனைக் கூப்பிட்டு விசாரித்தது. மருத்துவர் கடிதம் ஒரு பக்கம், ‘போதையில்’ என்ற என் ஒற்றைச் சொல் இன்னொரு பக்கம். மது வாடை வந்ததா என்று என்னைக் கேட்டார்கள். வரவில்லை. எழுதினாயா? இல்லை. வியர்த்திருந்ததா? ஆமாம். எழுதினாயா? அதுவும் இல்லை.

எனக்குச் சர்க்கரை நோயைப் பற்றி எதுவும் தெரியாது, சரி. ஆனால் ‘வியர்த்திருந்தார், கை நடுங்கியது, மது வாடை தெரியவில்லை’ என்று எழுதிக் காப்பாளருக்கு அன்றிரவே போன் செய்திருந்தால், அவர் பத்து நொடியில் புரிந்துகொண்டிருப்பார். எழுதுகிறவன் விவரம் தெரியாதவனாக இருந்தாலும் அறிக்கை விவரமாக இருக்கலாம். நான் விவரத்தை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, என் முடிவை மட்டும் எழுதி வைத்தேன்.

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று சொல்வோம். உங்கள் வேலையில் இதைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. தீர விசாரிப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். காப்பாளர், குழு, சில சமயம் காவல்துறை. அவர்கள் யாரும் இரவு பதினொன்றே முக்காலுக்கு அந்த நடைக்கூடத்தில் நின்றதில்லை. நின்றது நீங்கள். உங்கள் கண்ணும் காதும் அவர்களுக்குக் கடனாக வேண்டும், அவ்வளவுதான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு நம் மொழியே ஒரு கருவியைக் கையில் கொடுத்திருக்கிறது. ‘அடித்தான்’ என்றால் நான் பார்த்தேன். ‘அடித்தானாம்’ என்றால் யாரோ சொன்னார்கள். ஓர் ‘ஆம்’ போதும், சாட்சி மாறிவிடுகிறது. பேசும்போது இதை நாம் பிசகாமல் சொல்கிறோம். படிவத்தைக் கண்டதும் அலுவலக நடை வந்து ஒட்டிக்கொள்கிறது, ‘தாக்கப்பட்டார்’ என்று எழுதிவிடுகிறோம். யார் தாக்கியது, யார் பார்த்தது, இரண்டும் காணாமல் போகிறது. ‘தாக்கினார் என்று 214ஆம் அறை மாணவர் என்னிடம் சொன்னார்’ என்று எழுதினால் கூடுதலாக ஐந்தாறு சொல். தாராளமாகச் செலவழியுங்கள்.

இன்னொன்று, அவன், அவர். பழைய அறிக்கைகளை ஒரு கட்டு எடுத்துப் படித்தபோது கண்ணில் பட்டது. புகார் கொடுத்தவர் முதல் வரியிலிருந்து கடைசிவரை ‘அவர்’. புகாருக்கு ஆளானவர் மூன்றாவது வரியில் ‘அவன்’ ஆகிவிடுகிறார். விசாரணை தொடங்குமுன்பே ஒரு ‘ன்’ தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. நான் கதை சொன்னபோதும் ‘பையன்’, ‘அவன்’ என்றுதானே சொன்னேன், கவனித்தீர்களா? மேடையில் போகட்டும். தாளில் எல்லோரும் ‘அவர்’.

வினைச்சொற்களிலும் இப்படித்தான். ‘சொன்னார்’ என்ற இடத்தில் ‘உளறினார்’, ‘பார்த்தார்’ என்ற இடத்தில் ‘முறைத்தார்’. ‘திமிராகப் பதில் சொன்னார்’ என்று எழுதியிருந்த ஒருவரிடம், அவர் சொன்ன வார்த்தை என்ன என்று கேட்டேன். ‘காலையில் பேசிக்கொள்ளலாமா’ என்றாராம். திமிர் எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சொன்ன வார்த்தையை அப்படியே மேற்கோள் குறிக்குள் போடுங்கள். கெட்ட வார்த்தையானாலும் முழுதாகப் போடுங்கள். ‘ஆபாசமாகத் திட்டினார்’ என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் எடை போட முடியாது.

ஒரு நிமிடம்… என்ன வேண்டும்? அந்த ஃபைலா? எடுத்துக்கொண்டு போங்கள், பரவாயில்லை… மன்னிக்கவும், எங்கே விட்டேன்? ஆங், வார்த்தை.

நீங்கள் எழுதும் வார்த்தை ஒரு பக்கம் இருக்கட்டும், நீங்கள் கேட்கும் கேள்வியில் உள்ள வார்த்தைகூட ஆபத்துதான். 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் ஒரு சோதனையில் 150 மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். 50 பேரிடம், கார்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்கிற மாதிரி கேட்டார்கள். 50 பேரிடம் ‘இடித்துக்கொண்டபோது’ என்ன வேகம் என்று கேட்டார்கள். மீதி 50 பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஒரு வாரம் கழித்து எல்லோரிடமும் ஒரே கேள்வி: உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா? முதல் கூட்டத்தில் 16 பேர் ஆமாம் என்றார்கள். இரண்டாவதில் 7 பேர், மூன்றாவதில் 6 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

அழுதுகொண்டு வந்து நிற்கிற ஒருவரிடம் ‘அவன் உன்னை எப்படி மிரட்டினான்?’ என்று கேட்டால், மிரட்டலை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். ‘என்ன நடந்தது?’, ‘அப்புறம்?’ இந்த இரண்டு கேள்வி போதும். மிச்சம் வாய்மூடிக் கேட்பதுதான். அதே சமயம், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் நீங்கள் மேலே சொல்லியே ஆக வேண்டும். அதை அவர் பேச்சைத் தொடங்குமுன் சொல்லிவிடுவதுதான் நேர்மை. கேட்டு முடித்த பிறகு சொன்னால் ஏமாற்றிவிட்டதாகத்தான் நினைப்பார்.

எப்போது எழுதுவது? அன்றிரவே. மறதியை அளந்து பார்த்த எபிங்ஹாஸ், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்துக்கொண்டு 1885இல் முடிவுகளை வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்தில்தான் பெரும் சரிவு, பிறகு மெல்ல மெல்ல. விடுதிச் சண்டை வெற்று அசை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மணி எத்தனை, யார் முதலில் கதவைத் திறந்தது, பாட்டில் எந்தக் கையில் இருந்தது, இவையெல்லாம் காலைக்குள் கரைந்துவிடும். அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் முதலில் ஆள், அப்புறம் தாள். மயங்கிக் கிடக்கிறவர் பக்கத்தில் நின்று குறிப்பெடுக்க வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எழுதியதில் தப்பு வந்தால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். வெள்ளை மை பூசினால், அடியில் என்ன இருந்தது என்ற சந்தேகம் அந்த ஃபைலை விட்டுப் போகாது. படிவத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது பற்றி நான் பேசப் போவதில்லை. போட்டால் பொறுப்பு போய்விடும்.

கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். நீங்களும் மாணவர்கள். எழுத வேண்டிய ஆளோடுதான் மறுநாள் ஒரே மேசையில் சாப்பிடப் போகிறீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது விதி. ஒரு அறையில் சத்தம் வந்தால் படிவம், நண்பன் அறையில் வந்தால் ‘மச்சி, கொஞ்சம் குறைச்சுக்கோ’. இரண்டையுமே தப்பு என்று சொல்ல மாட்டேன். சொல்லித் திருத்துவது நல்ல வழிதான், பல நேரம் படிவத்தைவிட நல்லது. ஆனால் எல்லா அறைக்கும் அதே முதல் எச்சரிக்கை கிடைத்ததா? ஒரு தளத்தில் விதி செத்துப்போவது யாரோ மீறுவதால் என்று நினைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு விதி என்று தெரிந்துவிட்டால் மறுவாரமே யாரும் மதிக்க மாட்டார்கள். முதல் வாரத்திலேயே தளத்துக்காரர்கள் எல்லோரையும் உட்காரவைத்து, விதி எதற்கு என்று பேசிவிடுங்கள். அடுத்த அறையில் ஒருவருக்குக் காலையில் தேர்வு என்பது, சுவரில் ஒட்டிய சுற்றறிக்கையைவிட எடுபடும்.

சின்ன விஷயங்களையும் எழுதுங்கள். இதைக் கேட்டால் பலருக்கு வேவு பார்ப்பது போல் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு பணிப் பதிவேட்டில் மூன்று இரவுகள், மூன்று வெவ்வேறு பொறுப்பாளர்கள் எழுதியது: ‘சாப்பிட வரவில்லை.’ ‘கதவைத் தட்டினேன், திறக்கவில்லை, தூங்குவதாகச் சொன்னார்.’ ‘தன் புத்தகங்களைப் பக்கத்து அறைக்குக் கொடுத்துவிட்டார்.’ ஒவ்வொன்றும் தனியாக ஒன்றுமில்லை. மூன்றையும் ஒரே பக்கத்தில் சேர்த்துப் படித்த காப்பாளர் அன்று மாலையே ஆலோசகரோடு அந்த அறைக்குப் போனார். மூன்று பேருக்கும் ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது.

மதியத்துக்குப் பிறகு கதவுப் பயிற்சி. மூத்த பொறுப்பாளர்கள் அறைக்குள் நடிப்பார்கள்: சண்டை, அழுகை, புகை. நீங்கள் தட்ட வேண்டும், பேச வேண்டும். நாங்கள் இதில் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். ஒருவர் தட்டும்போது மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பீர்கள். முடிந்ததும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் எல்லோரும் தனித்தனியே அறிக்கை எழுதுவீர்கள்.

அதற்கு ஒத்திகையை இப்போதே பார்த்துவிடலாம். நான் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து ஃபைல் எடுத்துக்கொண்டு போனாரே, அது நாங்கள் ஏற்பாடு செய்ததுதான். கையேட்டின் கடைசித் தாளைக் கிழித்துக்கொள்ளுங்கள். எந்தக் கதவு வழியாக வந்தார், என்ன அணிந்திருந்தார், எதை எடுத்தார், போகும்போது கையில் ஒன்று இருந்ததா இரண்டா, நான் அவரிடம் சொன்ன வார்த்தை என்ன. தெரியாததற்கு ‘கவனிக்கவில்லை’ என்று எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டாம். ஐந்து நிமிடம்.