பலகையில் 80, என் வண்டியில் 50

வணக்கம் நண்பர்களே. என் டிரெயிலர் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு கேபினுக்குள் உட்கார்ந்து பேசுகிறேன்; பின்னால் கேட்பது கூரையில் விழும் மழைச் சத்தம், பொறுத்துக்கொள்ளுங்கள். வேக வரம்புப் பலகையில் 80 என்று எழுதியிருக்கும்போது மழையில் நீங்கள் ஏன் 50-ஐத் தாண்டுவதில்லை என்று உடன் வரும் இளம் ஓட்டுநர் காலையில் கேட்டார். அந்த 80 என்பது உச்சவரம்பு மட்டுமே; அந்த வேகத்தில்தான் போயாக வேண்டும் என்ற கட்டளை அன்று.

80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி, ஏர் பிரேக்கின் காற்று குழாய்கள் வழியே சென்று சக்கரத்தைப் பிடிக்க அரை நொடி என்று வைத்துக்கொண்டால், வேகம் குறையத் தொடங்கும் முன்பே 33 மீட்டர் கடந்துவிடுகிறது. சாலை ஈரமா, உலர்வா என்ற கணக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது. ஈரத்தில் வண்டி நிற்கும் தூரம் இருமடங்காகக்கூடும் என்பதால், வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும்படி பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். 80-க்கு அந்தக் கணக்கில் சுமார் 53 வருகிறது; அதை இன்னும் சற்றுக் குறைத்து 50 என்று வைத்துக்கொண்டேன். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கழுவப்படும் வரை, நான் இன்னும் குறைத்தே ஓட்டுவேன்.

காலி வண்டி சுலபமாக நிற்கும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். பிரேக்கும் ஸ்பிரிங்கும் முழு லோடுக்காக அமைக்கப்பட்டவை. சுமை இல்லாதபோது டயருக்குப் பிடிமானம் குறைந்து, சக்கரம் எளிதில் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஒருமுறை லோடு இறக்கிவிட்டுத் திரும்புகையில், தூறலில் எக்சாஸ்ட் பிரேக்கை, அதாவது என்ஜின் புகை வெளியேறுவதைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் கூடுதல் பிரேக்கை, சுவிட்சில் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், டிரெயிலரின் பக்கவாட்டுப் பலகை முழுதாகத் தெரிகிறது. நேராகப் போகும் வண்டியில் அது அப்படித் தெரியக் கூடாது; வண்டி நடுவில் மடங்கத் தொடங்கியிருந்தது. உடனே அந்த பிரேக்கை அணைத்ததால் டிரெயிலர் மெல்ல நேரானது. அன்று முதல் ஈரச் சாலையில் காலி வண்டி என்றால் அந்த சுவிட்சை நான் தொடுவதில்லை.

தேங்கிய நீரில் ஸ்டியரிங் திடீரென்று லேசானால், டயர் சாலையை விட்டு நீரின் மேல் மிதக்கிறது என்று பொருள். தேய்ந்த டயரும் காற்றுக் குறைவும் இருந்தால், 50 கிலோமீட்டர் வேகத்திலேயே இது நேரலாம். அப்போது பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும்.

வளைவில் நுழைந்த பின் பிரேக் பிடிப்பதும், இறக்கத்தின் நடுவில் கியரைக் குறைக்கத் தேடுவதும் தாமதமான வேலைகள்; இரண்டையும் முன்பே முடித்துவிட வேண்டும். மூடுபனியில், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே வேகம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மழை விட்டுவிட்டது, வைப்பரையும் நிறுத்திவிட்டேன். ஆனால் கடந்துபோகும் வண்டிகளின் டயர்கள் இன்னும் நீரை வாரி இறைக்கின்றன, ஆகவே 50-லேயே கிளம்புகிறேன்.