ஆப்டோமெட்ரி படிக்கலாமா? அல்சூரிலிருந்து ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட்

(திரையில்: பெங்களூர், அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு தெரு, காலை. சின்ன கண் கிளினிக்கின் ஷட்டர் ஏறுகிறது.)

வணக்கம். போன வாரம் எங்கள் தெரு அக்கா ஒருவர், பன்னிரண்டாவது முடித்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, ஆப்டோமெட்ரினு ஒண்ணு இருக்காமே. அது டாக்டர் படிப்பா, கண்ணாடிக் கடைப் படிப்பா?" என்றார். இரண்டும் இல்லை அக்கா என்றேன். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள், அதற்கு மேல் பேச முடியவில்லை. மிச்சம் இந்த வீடியோவில்.

கண் ஆபரேஷன் செய்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே கண் மருத்துவம் படித்தவர். பவர் சீட்டைப் பார்த்து லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் மாட்டித் தருபவர் ஆப்டீஷியன். இடையில் இருப்பவர்தான் ஆப்டோமெட்ரிஸ்ட். பார்வையை அளந்து பவர் எழுதுவார், காண்டாக்ட் லென்ஸ் பொருத்துவார், கண் அழுத்தம் பார்ப்பார், கோளாறு தெரிந்தால் டாக்டரிடம் அனுப்புவார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில் பட்டியலில்கூட ஆப்டோமெட்ரிஸ்டுக்கு 2267, ஆப்டீஷியனுக்கு 3254 என்று தனித்தனி எண். நம் ஊர்க் கடை போர்டுகளில்தான் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும்.

சரி, வேலை எப்படி இருக்கும்? ஒன்றை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன்.

(திரையில்: இருட்டறை. கையில் ரெட்டினோஸ்கோப். எதிரே ஒரு குழந்தை.)

நாலு வயதுப் பையன், எழுத்து தெரியாது. பவர் பார்க்கும் மெஷினில் தாடையை வைத்தால், உள்ளே இருக்கும் படத்தை உற்று உற்றுப் பார்த்தே இல்லாத மைனஸ் பவரை வரவழைத்துவிடுவான். அதனால் விளக்கை அணைத்துவிட்டு, ரெட்டினோஸ்கோப் என்கிற இந்தக் கைக்கருவியால் கோடு போன்ற ஒரு வெளிச்சத்தை அவன் கண்ணில் ஓட்டுவோம். கண்பாப்பாவுக்குள் செம்மஞ்சளாக ஒன்று நகரும். நான் ஓட்டும் பக்கமே அது ஓடினால் பிளஸ் லென்ஸ், எதிர்ப்பக்கம் ஓடினால் மைனஸ். ஓட்டம் நின்று பாப்பா முழுக்கப் பளிச்சென்று நிறைகிற வரை லென்ஸை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 67 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்ப்பதால் கடைசியில் வரும் பவரில் 1.50 கழிக்கணும். அதைக் கழிக்க மறந்து திட்டு வாங்காத மாணவர் கிடையாது. நானும் வாங்கியிருக்கிறேன்.

இந்தக் கைப்பழக்கம் வகுப்பில் உட்கார்ந்தால் வராது. பட்டப்படிப்பு இதுவரை வழக்கமாக 4 வருடம், அதில் கடைசி வருடம் இன்டர்ன்ஷிப். கல்லூரி பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். எந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், அங்கே பிள்ளைகள் ஸ்கோப்பைப் பிடிக்கிறார்களா, ஃபைலைப் பிடிக்கிறார்களா என்று சீனியர்களிடம் கேளுங்கள். பெங்களூரில் பழைய மின்டோ ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் வரை கண் பார்க்க இடத்துக்குப் பஞ்சமில்லை.

அடுத்தது சான்றிதழ். ரொம்ப நாளாக இந்தத் தொழிலுக்கு நாடு முழுவதற்குமான சட்டப் பதிவு கிடையாது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அதை மாற்றியது. பட்டம் பெற்ற நிபுணர் என்றால் குறைந்தது 3600 மணி நேரப் படிப்பு, மாநிலத்துக்கொரு கவுன்சில், அதில் பெயர்ப் பதிவு. ஆறு மாதத்தில் கண் பார்க்கக் கற்றுத் தருகிறோம் என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் இந்த 3600ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

வேலை கிடைக்கும். ஆரம்பச் சம்பளம் சுமார்தான், மறைக்கவில்லை. நான் முதலில் சேர்ந்த கடையில் மாதக் கடைசியில் எத்தனை கண் பார்த்தாய் என்று கேட்க மாட்டார்கள், எத்தனை ஃபிரேம் போச்சு என்றுதான் கேட்பார்கள். ஒரு வருடத்தில் கிளம்பிவிட்டேன். காண்டாக்ட் லென்ஸ், பார்வை மிகக் குறைந்தவர்களுக்கான சிகிச்சை, குழந்தைகளின் கிட்டப்பார்வை ஏறாமல் பார்த்துக்கொள்வது என்று ஏதாவது ஒன்றில் கை தேறினால் மதிப்பே வேறு. எம்.ஆப்டம் என்ற மேற்படிப்பை முடித்தால் கல்லூரியில் பாடமும் எடுக்கலாம்.

அப்புறம் வெளிநாடு. வளைகுடா நாடுகளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பும் உரிமத் தேர்வும் உண்டு. அமெரிக்காவுக்கு நம் பட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. அங்கே ஓ.டி. (டாக்டர் ஆஃப் ஆப்டோமெட்ரி) பட்டம் தனி, தேசியத் தேர்வு தனி. ஏஜென்ட் வேறு மாதிரி சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, பெங்களூரில் இருந்தால் கன்னடம் வேண்டும். "யாவுது சென்னாகி காணுஸ்தெ, இதா, அதா?" எது நல்லா தெரியுது, இதா, அதா என்று அர்த்தம். இதை ஒரு நாளில் நூறு முறை கேட்பேன். பாதி தமிழ் மாதிரியே இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

அந்த அக்கா நேற்று மறுபடி வந்தார். மகள் கையில் ஸ்கோப்பைக் கொடுத்து, அம்மா கண்ணைப் பார் என்றேன். கொஞ்ச நேரம் தடவிப் பிடித்தாள்.

"அண்ணா, ஏதோ ஓடுது!"

"எந்தப் பக்கம்?"

"எதிர்ப்பக்கம்."

இருட்டிலிருந்து அக்கா குரல்: "அப்போ எனக்குக் கண்ணாடியா தம்பி?"