ஆளை அனுப்ப முடியுமா?

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, எனக்குச் சால்வை போர்த்திய தலைமையாசிரியர் ஐயா அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஓர் ஆளை இங்கே மறையவைத்து அடுத்த ஊரில் தோன்றவைக்க முடியுமா? மூன்று செய்திகள் சொல்கிறேன்.

முதலாவது, போவது பொருள் அல்ல, பொருளின் நிலை. 1993-இல் சார்லஸ் பென்னட் உள்ளிட்ட ஆறு விஞ்ஞானிகள் வழி சொன்னார்கள். குவாண்டம் முறையில் பிணைந்த, அதாவது எவ்வளவு விலகியிருந்தாலும் அளந்தால் விடைகள் ஒன்றோடொன்று பொருந்தி வரும் இரண்டு ஒளித்துகள்களை இரு இடங்களில் வைக்க வேண்டும். அனுப்ப வேண்டிய துகளை இங்குள்ளதோடு சேர்த்து அளந்தால் அதன் பழைய நிலை அழிந்துபோகும். அளந்த விடையைச் சாதாரண வழியில் சொல்லியனுப்பினால், அங்குள்ளவர் தம் துகளைத் திருத்தி அதே நிலையைப் பெறுவார். சேதி போகாமல் காரியம் நடக்காது. சேதியோ ஒளியை முந்தாது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே!

2004-இல் வியன்னாவில் இதைச் செய்துகாட்டினார்கள். பின்னாளில், 2022-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆன்டன் சைலிங்கரின் குழு. டான்யூப் ஆற்றின் இரு கரைகள். இடைவெளி 600 மீட்டர். கேபிளை எதன் வழியே கொண்டுபோனார்கள் தெரியுமா? ஆற்றுக்கு அடியில் போகும் சாக்கடைச் சுரங்கத்தின் வழியே! (சிரிப்பு) சிரிக்காதீர்கள், உலகப் புகழ்பெற்ற சோதனை அது. பிணைந்த ஒளித்துகள்களில் ஒன்று கீழே கண்ணாடியிழையில் போனது. அளந்த விடை ஆற்றுக்கு மேலே மைக்ரோவேவில் பறந்தது. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். காற்றில் அப்படிக் குறையாது. ஆகவே சேதி முந்திக்கொண்டது. துகள் வந்து சேரும்போது அதைத் திருத்தும் கருவி தயாராக நின்றது. மணியோசை முன்னே, யானை பின்னே! (கைதட்டல்)

இரண்டாவது, மனித உடலில் உள்ள அணுக்கள். ஏழு எழுதிப் பக்கத்தில் 27 சுழியம் போட வேண்டும். அத்தனையின் நிலையையும் அளப்பது யார்? அது கிடக்கட்டும்.

அந்தச் சுரங்கத்துக்கு வருகிறேன். அங்கே சாக்கடைக்குள் ஒளியை அனுப்புகிறார்கள். இங்கே ஆளை இறக்குகிறார்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. போன மழையில் பஸ் நிலையத்தருகே மூடியைத் திறந்து, இடுப்பில் வெறும் கயிற்றைக் கட்டி ஒரு தம்பியை இறக்கியதை நானே பார்த்தேன். அம்மையார் அவர்களே, அடைப்பெடுக்கும் இயந்திரம் வருகிறது, வருகிறது என்ற மணியோசை கேட்டுக்கொண்டே இருக்கிறது, யானையைத்தான் காணோம்.

நேரமாகிவிட்டதென்று சீட்டு வந்துவிட்டது. மூன்றாவது செய்தி சீனத்துச் செயற்கைக்கோளைப் பற்றியது. அதை இன்னொரு கூட்டத்தில் சொல்கிறேன். வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் அருந்தப் போங்கள்.