மூன்று கிலோ உலையில் மூன்று கிலோ உருகாது

[திரையில்: மேசைமீது சிறிய மின் உலை. பக்கத்தில் தராசு.]

வணக்கம். இந்த உலையின் பெட்டியில் "3 கிலோ" என்று அச்சடித்திருக்கிறது. தராசில் இருப்பது 3 கிலோ அலுமினியத் துண்டு. இதில் ஏழில் ஒரு பங்கு உள்ளே போனாலே பெரிய விஷயம்.

விற்பவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது தங்கக் கணக்கு. தங்கம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம் கனக்கும். அப்படியானால் 3 கிலோ தங்கத்துக்கு 155 மில்லி இடம் போதும். அதே இடத்தில் வெள்ளி சுமார் 1.6 கிலோ பிடிக்கும், செம்பு 1.4 கிலோ. அலுமினியம் வெறும் 400 கிராம்தான்.

ஆகவே கிலோவை மறந்துவிட்டு, மூசை, அதாவது உலோகத்தைப் போட்டு உருக்கும் கிண்ணம், எத்தனை மில்லி பிடிக்கும் என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியவில்லையா? உள்விட்டத்தையும் ஆழத்தையும் அளந்து கணக்குப் போடுங்கள். தண்ணீர் ஊற்றி அளக்கவே வேண்டாம். ஏன் என்று பிறகு வருகிறேன். விளிம்புவரை நிரப்பவும் கூடாது, கால்வாசி காலியாக இருக்கட்டும்.

[திரையில்: வெப்பநிலை அளவுகோல். உலோகங்கள் ஒவ்வொன்றாக ஏறி வருகின்றன.]

அடுத்தது வெப்பம். இந்த வகை உலைகள் பெரும்பாலும் 1100, 1150 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடும். அலுமினியம் 660-ல் உருகும், வெள்ளி 962, தங்கம் 1064, செம்பு 1085. ஆனால் உருகினால் மட்டும் போதாது. அச்சில் ஓடிப் பாய வேண்டுமென்றால் அதற்கு மேல் இன்னும் 50 முதல் 100 டிகிரி வேண்டும். செம்பை இதில் உருக்கலாம், ஆனால் உலை மூச்சு வாங்கும். இரும்புக்கு 1538. அந்த ஆசையே வேண்டாம்.

பித்தளை 900-க்குக் கொஞ்சம் மேலே உருகிவிடும். சிக்கல் என்னவென்றால், அதிலுள்ள துத்தநாகம் தனியாக இருந்தால் 907-லேயே கொதிக்கும். மேலே எழும் வெள்ளைப் புகையை இழுத்தால் சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல் வந்துவிடும். புகையை வெளியேற்ற வழி இல்லாத அறையில் பித்தளையைத் தொடாதீர்கள். துத்தநாகப் பூச்சு உள்ள துண்டுகளுக்கும் இதேதான்.

[திரையில்: பிளக், வயர்.]

2000 வாட் உலை 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் இதற்குத் தாங்காது. சுவரிலுள்ள பவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கையான கணக்கு. 1 கிலோ வெள்ளியை உருக்கத் தேவையான வெப்பம் சுமார் 350 கிலோஜூல். 2000 வாட் என்றால் 3 நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டும். முடியாது. உலைச்சுவரும் மூசையும் முதலில் தாங்கள் காய்ந்துகொள்ளும். அதனால் முதல் உருக்கு பொறுமையைச் சோதிக்கும், இரண்டாவது சீக்கிரம் முடியும். உருக்க வேண்டியதைச் சேர்த்து வைத்து, ஒரே நாளில் அடுத்தடுத்து உருக்குவதுதான் லாபம்.

[திரையில்: புது மூசை, கைக்கு அருகில்.]

புது கிராஃபைட் மூசையை முதலில் வெறுமனே 200 டிகிரியில் கொஞ்ச நேரம் வையுங்கள், ஈரம் போகட்டும். அப்புறம் மெல்ல ஏற்றி, அது சிவந்ததும் ஒரு சிட்டிகை வெண்காரம் (போராக்ஸ்) போட்டால் உட்புறம் கண்ணாடிபோலப் பூசிக்கொள்ளும். சிட்டிகை என்றால் சிட்டிகைதான். நான் தாராளமாகப் போட்டேன். அது பொங்கி வெளியே வழிந்து, காயிலை, அதாவது உலையைச் சூடாக்கும் கம்பிச்சுருளை, தின்றுவிட்டது. என் முதல் உலை அப்படித்தான் போனது. அலுமினியத்துக்கு வெண்காரமே வேண்டாம், மூசையும் தனியாக இருக்கட்டும்.

[திரையில்: முகப்பில் 1000. மூசைக்குள் நெருக்கமான காட்சி.]

இதைக் கவனியுங்கள். முகப்பு 1000 காட்டுகிறது, வெள்ளி இன்னும் கட்டியாகவே நிற்கிறது. உலை பழுதில்லை. வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் இருப்பது மூசைக்கு வெளியே, சுவர் ஓரத்தில். அது சொல்வது சுவரின் சூடு. உலோகத்தைப் பற்றி உங்கள் கண்தான் சொல்ல வேண்டும். ஓரங்கள் மழுங்குகின்றன, கட்டி சரிகிறது, சட்டென்று குளம் கட்டுகிறது. சூடாக்கிய கிராஃபைட் குச்சியால் கலக்குகிறேன். அடியில் ஏதோ தட்டுகிறதா? இன்னும் பொறுங்கள். எதுவும் தட்டாமல், மேற்பரப்பு கண்ணாடிபோல் நழுவி ஆடினால் வார்க்கலாம்.

[திரையில்: அச்சு, காய்ந்த மணல் தட்டு.]

இப்போது அந்தத் தண்ணீர் விஷயம். நீர் ஆவியானால் சுமார் 1700 மடங்கு விரியும். மூசையிலோ அச்சின் மூலையிலோ ஒளிந்திருக்கும் ஒரு துளிமேல் உருகிய உலோகம் விழுந்தால், அது ஆவியாகி உலோகத்தை உங்கள் முகத்தை நோக்கி வீசும். துடைத்தால் மட்டும் போதாது, அச்சை 150 டிகிரிக்கு மேல் சூடாக்குங்கள். கான்கிரீட் தரைக்குள்ளும் ஈரம் இருக்கும், ஆகவே காய்ந்த மணல் தட்டின்மேல் வைத்து வாருங்கள். முகத்துக்கு மறைப்பு, கைக்குத் தோல் உறை, காலுக்கு மூடிய தோல் ஷூ. நைலான், பாலியெஸ்டர் துணி உருகித் தோலோடு ஒட்டிவிடும், பருத்தி போடுங்கள்.

இடுக்கியை உள்ளே விடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்துங்கள், அது காயிலில் பட்டால் ஷாக் அடிக்கலாம். தூக்கிய பிறகு தயங்காமல் ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள், விட்டு விட்டு ஊற்றினால் அச்சில் உறையும் பாளத்தில் மடிப்பு விழும்.

[திரையில்: பாளம் கறுத்து உறைகிறது.]

மிச்சத்தை மூசையிலேயே விடாதீர்கள். அடுத்த முறை சூடாகும்போது அந்த உலோகம் விரிந்து மூசையைப் பிளக்கும். கடைசிச் சொட்டுவரை வடித்துவிட்டு, வெறும் மூசையை உலைக்குள் வைத்து மூடுங்கள். அது உலையோடு சேர்ந்து மெல்ல ஆறட்டும்.