முதல்ல கதவு, அப்புறம்தான் கட்டர் | எம்ஜிபி சில் மாத்தற வேலை

வணக்கம் மக்களே! இன்னிக்கு எம்ஜிபிங்கற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரோட சில்லை அறுக்கப் போறோம். கதவுக்குக் கீழ நீளமா ஓடுதே, அந்த டப்பாதான் சில்.

இதுக்கு முந்தின எம்ஜிஏல சேஸி தனி, பாடி தனி. பாடியக் கழட்டி ஓரமா வச்சுட்டு நிம்மதியா வேலை பாக்கலாம். 1962ல வந்த எம்ஜிபில அந்தக் கதையே இல்ல, பாடியேதான் சேஸி. அதுலயும் இது ரோட்ஸ்டர், மேல இழுத்துப் பிடிக்கக் கூரை கிடையாது. பாரத்துல பெரும்பங்க இந்த ரெண்டு சில்லும்தான் தாங்குது. யோசிக்காம அறுத்தீங்கன்னா வண்டி நடுவுல தொங்கிரும்.

கொஞ்சம் கிட்ட வாங்க. கதவோட பின் ஓரத்துல இடைவெளி மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அளவா இருக்கா? மேல மட்டும் குறுகுச்சுன்னா ஏற்கனவே தொங்கியாச்சு. முதல்ல ஜாக்கி வச்சு அதை நேராக்கணும். அப்புறம்தான் சதுர பைப்பைக் கதவு வாசலுக்குக் குறுக்க வெல்டு பண்ணணும். கோணலோட பைப் போட்டா அந்தக் கோணல் அப்படியே நின்னுரும். பைப்பை உள்பக்கமா போட்டிருக்கேன் பாருங்க, கதவை எப்ப வேணா மூடிப் பாக்கணும்ல.

இப்ப காந்தம். இங்க ஒட்டுது... நாலு விரல் தள்ளி வச்சா வழுக்கி விழுது. அத்தனையும் பட்டி! முன்னாடி யாரோ பழைய துரு மேலயே புது தகட்டை ஒட்ட வச்சு, பட்டி பூசி பெயிண்ட் அடிச்சு வித்திருக்காங்க. நல்லா இருங்கப்பா.

அறுத்தாச்சு. உள்ள ஒரு நடுத்தகடு, விரல் வச்சாலே பொடியா உதிருது. அடியில கோட்டை மதில் மாதிரி பல்லு பல்லா இருக்கே, அந்தச் சந்து வழியாத்தான் தண்ணி வடியணும். சேறு அடைச்சு, தண்ணி தேங்கி, உள்ளேருந்தே துரு தின்னிருக்கு.

இன்னொண்ணு, சில் கதவோட முடியறதில்ல. முன் ஃபெண்டருக்கு உள்ளயும் போகுது. ஃபெண்டரக் கழட்டாம வெளிய தெரியற வரைக்கும் மட்டும் மாத்தறதெல்லாம் என் கணக்குல ஏமாத்து வேலை.

உள்தகடு, நடுத்தகடு, கடைசியா வெளித்தகடு. ஒட்டற முகத்துலெல்லாம் துத்தநாக பிரைமர். ஒரே இடத்துல இழுத்து வெல்டு அடிக்காதீங்க, சூட்டுல தகடு நெளியும். இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம்னு மாறி மாறி அடிங்க. ஒரு பக்கம் முழுசா முடியற வரைக்கும் மறுபக்கத்துல கை வைக்காதீங்க. டப்பாக்குள்ள மெழுகு அடிக்கறது பெயிண்டுக்கு அப்புறம்.

இப்போதைக்கு டாக், அதாவது தகடு நகராம பிடிச்சுக்கற சின்னச் சின்ன வெல்டு மட்டும்தான் போட்டிருக்கேன். கதவை மாட்டி மூடி, இடைவெளி ஒத்து வந்தாத்தான் முழு வெல்டு. இருங்க, கீல் போல்ட்ட எடுத்துட்டு வர்றேன்.